டிஸ்சார்ஜ் புக்கில் ஏறாத பஸ்சிமி ஸ்டார்: பதிவுத் திருத்தச் சேவை எப்படி?

என் அப்பா 1968-ல் ராணுவத்தில் சேர்ந்து 1985-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் வண்டி ஓட்டினார். அதற்கு உரிய பஸ்சிமி ஸ்டார் என்ற பதக்கம், பணி முடிந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் பதிவாகவே இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ராணுவத்தாரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு போட்டு, இப்போது அதை ஏற்றியாகிவிட்டது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். எந்தப் படைப்பிரிவு, எந்த மாவட்டம் என்று எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நடைமுறை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் படிப்பவர்களுக்கு அதில் நஷ்டம் இல்லை.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர். ஆசிரியர்களின் எஸ்.ஆர். என்கிற பணிப் பதிவேடு எல்லாம் என் மேசையில்தான் இருக்கும். ஒரு ஊக்க ஊதியம், ஒரு மெடிக்கல் லீவு பதிவேட்டில் விட்டுப்போனால் இருபது வருடம் கழித்து ஓய்வு பெறும் நாளில் அந்த மனிதர் என்ன பாடு படுவார் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் முறை வந்தபோது, அப்பாவின் பென்ஷன் விவரங்களைச் சரிபார்க்க டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தவள், பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கவில்லை. பக்கம் பக்கமாகப் படித்தேன். பதக்கங்கள் எழுதும் பக்கத்தில் நீல மையில் நான்கு பதிவுகள் இருந்தன: ஜம்மு காஷ்மீர் கிளாஸ்புடன் (ரிப்பனில் இடத்தின் பெயர் பொறித்த பட்டை) சைன்ய சேவா மெடல், சங்கிராம் மெடல், சுதந்திர 25-ஆம் ஆண்டு மெடல், 9 வருட நீண்ட சேவை மெடல். கீழே பாதிப் பக்கம் காலி.

ராணுவக் குடும்பமாக இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். 1971 போருக்காக வந்தவை முக்கியமாக மூன்று. கிழக்கே, இன்றைய பங்களாதேஷ் பக்கம் சண்டைப் பகுதியில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். மேற்கே இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் இரண்டையும் விடப் பரவலானது. சண்டைப் பகுதிக்குள் போகாதவர்களுக்கும் கிடைத்தது. ஆக, சங்கிராம் மட்டும் இருந்து ஸ்டார் இல்லாத புத்தகத்தை விஷயம் தெரிந்தவர் யார் பார்த்தாலும், இவர் அப்போது பின்னால் இருந்திருக்கிறார் என்றுதான் படிப்பார். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் ஸ்டோர்லதான இருந்தாரு, சண்டைக்கு எங்க போனாரு" என்று சித்தப்பா எத்தனையோ கல்யாண வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பா மறுத்துப் பேச மாட்டார். பந்தியில் அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் என்னிடம் சொல்லியிருக்கிறார். ராத்திரியில் குண்டு ஏற்றிய வண்டியை விளக்கே போடாமல் ஓட்ட வேண்டும். முன்னால் போகும் வண்டியின் பின்னச்சு நடுவில் இருக்கும் உருண்டைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கும். அதன் மேல் மட்டும் படுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு இருக்கும். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். வட்டம் பெரிதானால் நெருங்கிவிட்டோம், மறைந்தால் வழி தவறிவிட்டோம். கண்ணிவெடி வயலில் எஞ்சினியர்கள் வழி திறந்து இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டியிருப்பார்கள். நாடாவுக்கு வெளியே சக்கரம் இறங்கக் கூடாது. டிசம்பர் குளிரில் ஸ்டியரிங் பிடித்த விரல் மடங்காது. பசந்தர் ஆற்றைப் படை கடந்த அந்த நாட்களில் அவர் இந்த வேலையைத்தான் செய்தார். அப்போது அவருக்கு வயது 21.

ஸ்டோரில் உட்கார்ந்திருந்தவர் சொல்லும் கதை இல்லை இது. அதனால்தான் அந்தக் காலிப் பாதிப் பக்கம் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பி உடனே ஒரு வழி சொன்னான். இந்த ஸ்டாரெல்லாம் ரிப்பனோடு ஆன்லைனில் விற்கிறார்கள், நான் வாங்கித் தருகிறேன், கொடி நாள் விழாவுக்கு அப்பா மாட்டிக்கொண்டு போகட்டும் என்றான். பாசத்தில்தான் சொன்னான். பதக்கத்தைத் தொலைத்தவர்கள் அந்த மாதிரி நகலை மாட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவர்களுக்குப் பதிவு இருக்கிறது. அப்பாவுக்கு இல்லாதது பதிவு. கடையில் வாங்கியதை மாட்டிக்கொண்டு நிற்கும்போது யாராவது புத்தகத்தைக் காட்டு என்றால், உண்மையிலேயே போன மனிதர் தலை குனிய வேண்டி வரும். அப்பாவும் அதையேதான் சொன்னார்: "புக்குல இல்லாதத நான் போட மாட்டேன் பாப்பா."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ராணுவ ஆவண வேலைகளை முடித்துத் தருவதாக ஒருவர் போர்டு மாட்டி வைத்திருக்கிறார். 5,000 ரூபாய் கேட்டார், புத்தகத்தின் ஒரிஜினலையும் விட்டுப் போகச் சொன்னார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலைத் தனியார் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இனி சேவைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன, எங்கள் மாவட்டத்தில் உதவி இயக்குநர் பொறுப்பில். அங்கே நல அமைப்பாளர் என்று ஒரு பதவி உண்டு, பெரும்பாலும் அவரும் முன்னாள் படைவீரராகத்தான் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் நாயப் சுபேதாராக, அதாவது ஹவில்தாருக்கு அடுத்த மேல் பதவியில், இருந்து வந்தவர். அப்பாவை விட இருபது வயதாவது சின்னவர். அப்படியும் அப்பா அவரை "சாப்" என்றுதான் கூப்பிட்டார். அவர் எழுந்து நின்று, "நீங்க செவன்ட்டி ஒன் ஆள், நீங்க என்னை சாப்னு கூப்பிடலாமா, உக்காருங்க" என்றார். இந்த அலுவலகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரிய பங்கு இந்த மனிதருக்கு. மனுவை வாங்கி சீல் போட்டு மேலே அனுப்பிவிட்டு அவர் கடமை முடிந்தது என்று இருந்திருக்கலாம்.

முதல் மனுவுக்கு ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்த பதில் நான்கே வரி. அப்பாவின் யூனிட் குறிப்பிட்ட காலத்தில் சண்டைப் பகுதிக்கு வெளியே இருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன, எனவே ஸ்டாருக்குத் தகுதி இல்லை. ஆங்கிலம், சுருக்கெழுத்துகள், கீழே ஒரு கையெழுத்து. அப்பா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி விடு, நான் இருந்தேன்னு எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நல அமைப்பாளர் கடிதத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த டிசம்பர்ல நீங்க உங்க யூனிட்லயேவா இருந்தீங்க, இல்ல அட்டாச்மென்ட்ல போனீங்களா?"

விஷயம் அங்கேதான் இருந்தது. போர் தொடங்கியதும் வண்டி பற்றாக்குறை. அப்பாவையும் இன்னும் சிலரையும் வண்டியோடு வேறு ஒரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில் அனுப்பிவிட்டார்கள். சொந்த யூனிட் பின்னால் நின்றது, இவர்கள் முன்னால் போனார்கள். பின்னர் பதக்கப் பட்டியல் தயாரானபோது, போன இடத்தில் இருந்தவர்கள் "இவன் நம் ஆள் இல்லை, அவனுடைய யூனிட் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டார்கள். சொந்த யூனிட்டோ, நாம் சண்டைப் பகுதிக்குள் போகவில்லை என்று ஒட்டுமொத்தமாக எழுதி, எல்லோருக்கும் சங்கிராம் மட்டும் கேட்டது. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் ஒரு ஆள் விழுந்துவிட்டார். இது அபூர்வமில்லை என்கிறார் நல அமைப்பாளர். டிரைவர், சமையல்காரர், சிக்னல் ஆட்கள், நர்சிங் உதவியாளர் என்று அட்டாச்மென்ட்டில் போகிற தொழில்காரர்களுக்குத்தான் இப்படி அதிகம் நடக்குமாம். உங்கள் வீட்டுப் பெரியவர் இந்த வகை என்றால் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ராணுவத்தில் ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற வடிவத்தில் யூனிட்டிலிருந்து ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, இடமாற்றம், அட்டாச்மென்ட், பதக்கம், எல்லாமே. அங்கே அவருடைய ஷீட் ரோலில் அது பதிவாகும். டிஸ்சார்ஜ் புக் என்பது வெளியே வரும்போது அதிலிருந்து எடுத்து எழுதித் தரும் புத்தகம். எங்கள் எஸ்.ஆர். மாதிரியேதான், மூலம் ஆபீஸில் இருக்கும், நம் கையில் இருப்பது சுருக்கம். ஆக, அப்பாவின் அட்டாச்மென்ட்டுக்கான பார்ட் டூ ஆர்டர் ஷீட் ரோலில் இருந்தால் மற்றது தானாக நிரூபணமாகும். ஆனால் எந்த யூனிட்டுக்குப் போனார் என்று துல்லியமாகச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது, நம்பரில் தடுமாறினார்.

அதைத் தீர்த்துவைத்தது சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டி. அப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, கடிதம் எல்லாம் பாட்டிக்குத்தான் எழுதுவார். பாட்டி எதையும் எறிய மாட்டாள். சித்தி பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டுகளுக்கும் பத்திர நகல்களுக்கும் அடியில் கயிறு கட்டி வைத்திருந்த இன்லேண்ட் லெட்டர் கட்டை எடுத்துக் கொடுத்தாள். மடிப்பில் எல்லாம் கிழிந்து, மஞ்சளாக. அதில் ஒன்று 1971 டிசம்பர் கடைசியில் எழுதியது. "இங்கு நான் நலம். சண்டை நின்றுவிட்டது. குளிர் ரொம்ப அதிகம். தம்பிக்கு பள்ளிக்கூட பீஸ் கட்டிவிடவும், மணியார்டர் போட்டிருக்கிறேன்." அனுப்புநர் முகவரியில் அட்டாச்மென்ட் யூனிட்டின் பெயர், நம்பர், கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி. தபால் முத்திரை ஊர்ப் பெயர் இல்லாத வட்டம்: எஃப்.பி.ஓ. என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் தேதியும் மட்டும். களத்தில் இருக்கும் தபால் நிலையங்களின் முத்திரை அப்படித்தான் இருக்கும்.

பீஸ் கட்டச் சொன்ன அந்தத் தம்பி சித்தப்பாதான். கடிதத்தை அவரே வாங்கிப் படித்தார். அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடைக்கு அவரே வண்டி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது ஆர்.டி.ஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், அப்பா பெயரிலேயே, அவருடைய ஷீட் ரோலில் 1971 நவம்பர் முதல் 1972 மார்ச் வரையிலான பதிவுகளின் நகல் வேண்டும் என்று கேட்டோம். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்தோம். சொந்த ஆவணத்தைச் சம்பந்தப்பட்டவரே கேட்பதால் அடையாள அட்டை நகல் கூடவே போனது. சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். கெடுவுக்குள்ளேயே வந்தது. இதைப் பாராட்டியே ஆக வேண்டும். பழைய டைப்ரைட்டர் எழுத்தில், இந்த எண் பார்ட் டூ ஆர்டர் மூலம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த யூனிட்டுக்கு அட்டாச்மென்ட் என்று ஒரு வரி. போர் நாட்கள் முழுவதும் அதற்குள் அடக்கம். இத்தனை வருடம் ரெக்கார்ட் ஆபீஸ் அலமாரியிலேயே இருந்த வரி.

இரண்டாவது மனுவை நானே எழுதினேன். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அப்பாவின் வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது பதிவு சரிபார்க்கிறவருக்கு உதவாது. ராணுவ எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, என்ன விட்டுப்போயிருக்கிறது, எந்த பார்ட் டூ ஆர்டர் அதற்கு ஆதாரம், முன்பு வந்த பதில் எதைக் கணக்கில் எடுக்கவில்லை. இணைப்பாக ஷீட் ரோல் நகல், டிஸ்சார்ஜ் புக் நகல், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையின் நகல், ஆதார், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கடிதத்தின் நகல். எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து. உதவி இயக்குநரின் முகப்புக் கடிதத்தோடு போனது.

இந்த இடத்தில்தான் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். மனு போய்ச் சேர்ந்ததா, யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. போன் எடுத்தால் அந்த செக்‌ஷனுக்கு மாற்றுகிறேன் என்பார்கள், மணி அடித்துக்கொண்டே இருக்கும். மாதக் கணக்கில் மௌனம். நான் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், பழைய பதிவைத் தேடி எடுக்க நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப நேரம் ஆகாது. மனுதாரருக்கு வயது 75. அந்த வயதில் மாதங்கள் நமக்குப் போவது மாதிரி போவதில்லை. இன்னொன்று, முதல் மனுவிலேயே ஷீட் ரோலைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. யூனிட் எங்கே நின்றது என்று பார்த்தார்கள், ஆள் எங்கே இருந்தார் என்று பார்க்கவில்லை.

நடுவில் பெயர்ச் சிக்கல் ஒன்றும் வந்தது. ஆள் சேர்த்தபோது எழுதியவர் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தைத் தன் உச்சரிப்புப்படி எழுதிவிட்டார், ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் அபிடவிட் கொடுத்ததும் முடிந்தது.

அப்புறம் வந்தது, டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலை அனுப்புங்கள் என்று. நல அலுவலகம் மூலமாகவே அனுப்பினோம். திரும்பி வந்தபோது அந்தக் காலிப் பாதியில் கறுப்பு மையில் ஒரு வரி: பஸ்சிமி ஸ்டார், புதிய பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி, ரெக்கார்ட் ஆபீஸர் கையெழுத்து, வட்ட முத்திரை. பழைய நீல மைப் பதிவுகளுக்குக் கீழே புத்தம் புதிதாக. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். சித்தப்பா வாங்கிப் படித்தார். பிறகு அப்பா என்னிடம் கேட்டது, முத்திரை மை அடுத்த பக்கத்தில் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு காகிதம் வைக்கலாமா என்று. வைத்தேன்.

பதக்கம் தனியாக, பின்னால் வந்தது. பதிவு ஏறுவதும் பதக்கம் வருவதும் இரண்டு வேறு வரிசை, ஒன்றாக எதிர்பார்க்காதீர்கள். ஐந்து முனை நட்சத்திரம், செம்பு நிறம், நடுவில் அசோகச் சின்னம். கையில் வைத்தால் எதிர்பார்ப்பதை விடக் கனம்.

இதனால் பணம் ஏதாவது வருமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வராது. வீரச் செயலுக்கான விருதுகளுக்குப் படி, மாநில அரசின் ரொக்கம் எல்லாம் உண்டு. போரில் இருந்ததற்கான ஸ்டாருக்கு எதுவும் கிடையாது. பென்ஷனில் ஒரு ரூபாய் கூட ஏறாது. அப்படிச் சொல்லி ஆசை காட்டும் ஏஜென்ட்டுகளை நம்ப வேண்டாம்.

பெரியவர் இல்லாமல் போயிருந்தாலும் மனைவியோ பிள்ளையோ உறவைக் காட்டும் ஆவணத்துடன் மனு போடலாம். ஆனால் தாமதிக்காதீர்கள். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் பணி ஆவணங்களை 25 வருடம்தான் வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு லாங் ரோலில் உள்ள சுருக்கப் பதிவுதான் மிஞ்சும். பென்ஷனர்கள் நிலைமை பரவாயில்லை. எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் அதன் அமர்வு உண்டு; எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அங்கே கொடுத்தாலும் நல அலுவலகத்துக்குத்தான் வரும், அதனால் நேராக அங்கேயே போவது நல்லது. காலையில் போங்கள், ஒரிஜினலையும் இரண்டு செட் நகலையும் கொண்டு போங்கள், முடிந்தால் பெரியவரையும் கூட்டிப் போங்கள். அவர் வாயிலிருந்து வரும் ஒரு யூனிட் பெயர் போதும், விஷயம் தெரிந்த நல அமைப்பாளர் அதைப் பிடித்துக்கொள்வார்.

அப்பாவோடு அதே அட்டாச்மென்ட்டில் வண்டி ஓட்டியவர் ஒருவர் திருவண்ணாமலை பக்கம் இருக்கிறார். போன வாரம் அவர் மகனிடம் சொல்லிப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சங்கிராம் இருக்கிறது, ஸ்டார் இல்லை. அவருக்கான ஆர்.டி.ஐ. மனு தயார், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்கப் போகிறோம். சித்தப்பாவும் வருகிறார்.